பட்ஜெட் கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்: பாக்ஸ்ல போட்ட டார்க்கை நம்பலாமா, நாமளே எப்படி டெஸ்ட் பண்றது?

#1 நட்டுபோல்ட்டு

வணக்கம் மக்களே. ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு பட்ஜெட் இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கு, அதாவது நட்டை சுத்தியல் மாதிரி அடிச்சு அடிச்சு திருப்புற பேட்டரி மெஷின். சாக்கெட் மாட்டுற சதுரம் அரை இன்ச், பிரஷ்லெஸ் மோட்டார், ரெண்டு பேட்டரியோட வந்துச்சு. பேர் சொல்ல வேணாம்னு பாக்குறேன், ஏன்னா இதே பாடி இதே ட்ரிக்கர் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி நாலஞ்சு பேர்ல வருது. பாக்ஸ்ல டார்க், அதாவது நட்டை திருப்புற முறுக்கு விசை, 700 நியூட்டன் மீட்டர்னு பெருசா போட்டிருக்கு. வாங்கின அன்னிக்கு கார் வீல் நட்டு எல்லாத்தையும் சர்ருனு கழட்டிருச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த வாரம் ஒரு பழைய வண்டியோட ஹப் நட்டுல (வீல் நடுவுல இருக்கிற பெரிய நட்டு) வச்சேன், இருபது செகண்ட் அடிச்சும் அசையவே இல்ல. கடைசில பிரேக்கர் பார்ல, அதாவது நட்டு கழட்டுற நீளமான கைப்பிடியில, பைப்பை சொருகி அழுத்தித்தான் கழட்டினேன். பார் முக்கால் மீட்டர் நீளம், நான் அதுல ஒரு நாப்பது கிலோ பாரம் போட்டிருப்பேன். கணக்கு போட்டா 0.75 பெருக்கல் 40 பெருக்கல் 9.8, முந்நூறுக்கு கொஞ்சம் கம்மி. அப்ப 700 எங்க போச்சு?

அதான் இந்த இழை. எது நல்ல பிராண்டுன்னு அடிச்சுக்க இல்ல, அதுக்கு ஏற்கனவே நிறைய இழை இருக்கு. ஒரு மெஷினை வாங்கிட்டு வந்தா வீட்ல இருக்கிற சாமான வச்சு அது உண்மையிலேயே எவ்வளவு அடிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது, எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சு ரீடிங் போட்டா ஒருத்தரோடத இன்னொருத்தர் ஒப்பிட்டு பாக்கலாம்ல.

நான் செஞ்சத சொல்றேன். 20 மில்லி தடியான எம்20 போல்ட், 10.9ங்கிற பலமான கிரேடு, தடி இரும்பு பிளேட்டுல ஓட்டை போட்டு மாட்டி வைஸ்ல புடிச்சிருக்கேன், நட்டு சைஸ் 30. டார்க் ரெஞ்ச், அதாவது செட் பண்ணின டார்க் வந்ததும் கிளிக்னு சொல்ற கை ஸ்பேனர், 340 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் டார்க் ரெஞ்ச்ல இறுக்கிட்டு மெஷினை ரிவர்ஸ்ல வச்சு எத்தனை செகண்ட்ல கழளுதுன்னு போன்ல வீடியோ எடுத்து பாத்தேன். 150ல இறுக்கினா வச்சதும் கழளுது. 200ல ஒரு செகண்ட். 250ல மூணு நாலு செகண்ட். 300ல ஃபுல் சார்ஜ்ல ஒன்பது செகண்ட் புடிச்சுது, பேட்டரி பாதி இறங்கின பிறகு அதே 300ல பதினஞ்சு செகண்ட் அடிச்சு விட்டுட்டேன், அசையல.

#2 சன்டேகராஜ்

அண்ணே செம வேலை. ஆனா வீடியோல எல்லாம் பாக்குறப்போ இதே மாதிரி மெஷின் லாரி நட்டையே கழட்டுதே? அது எப்படி?

#3 நட்டுபோல்ட்டு

தம்பி, அந்த வீடியோவ இன்னொரு தடவை பொறுமையா பாருங்க. நிறைய பேரு அதே மெஷினால முதல்ல இறுக்குவாங்க, அப்புறம் அதே மெஷினால கழட்டுவாங்க. ஒரு மெஷின் தானே இறுக்கினத தானே கழட்டுறது பெரிய விஷயம் இல்ல, எவ்வளவு சோப்ளாங்கி மெஷினா இருந்தாலும் கழட்டிரும். அந்த நட்டு எவ்வளவு இறுக்கத்துல இருந்துச்சுன்னு ஒரு டார்க் ரெஞ்சாவது காட்டணும், இல்லன்னா அந்த வீடியோவால நமக்கு ஒண்ணும் தெரியாது.

#4 அளவுகோல்

நட்டுபோல்ட்டு சார், உங்க முயற்சிக்கு மரியாதை, ஆனா உங்க டெஸ்ட்லயும் ஒரு ஓட்டை இருக்கு. புதுசா இறுக்கின நட்டை கழட்ட, இறுக்கினத விட கம்மி டார்க் போதும். மரைங்கிறது ஒரு சரிவுதானே, இறுக்கும்போது அந்த சரிவுல ஏத்துறோம், கழட்டும்போது இறக்குறோம், அதனால சரிவு நமக்கு உதவி பண்ணுது. 300ல இறுக்கினத கழட்டினா அந்த மெஷின் 300 குடுத்துச்சுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு கீழ ஏதோ ஒண்ணு குடுத்துச்சு, அவ்வளவுதான்.

துருப்பிடிச்ச நட்டு அப்படியே தலைகீழ். 120ல இறுக்கின வீல் நட்டு ரெண்டு மழைக்காலம் பாத்துருச்சுன்னா அதைப் போல ரெண்டு மடங்கு கேக்கும். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.

என் யோசனை: கழட்டுற டெஸ்ட்டை ரெண்டாவதா வைங்க. முதல்ல இறுக்குற டெஸ்ட். நட்டை கையால உக்கார வச்சு, மெஷினை சரியா அஞ்சு செகண்ட் அடிக்க விடுங்க. அப்புறம் நட்டுலயும் பிளேட்டுலயும் சேத்து மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. டார்க் ரெஞ்சை 100ல செட் பண்ணி இறுக்குற பக்கமே இழுங்க, கிளிக் ஆகும், கோடு அசையாது. பத்து பத்தா ஏத்துங்க. கோடு எந்த இடத்துல லேசா விலகுதோ அதுதான் உங்க மெஷின் போட்ட இறுக்கம். அசையாம நிக்கிற நட்டை அசைக்க கொஞ்சம் கூடுதலா வேணும்ங்கறதால நெசத்த விட சில புள்ளி தூக்கித்தான் காட்டும், ஆனா எல்லா மெஷினுக்கும் அதே மாதிரி தூக்கும், ஒப்பிடத் தடையில்ல. அஞ்சு தடவை செஞ்சு சராசரி எடுங்க.

இன்னொண்ணு. மரைக்கும் வாஷருக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே கிரீஸ் தடவுங்க. ஒரு போல்ட்ல நாம குடுக்குற டார்க்ல பத்துல ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து புடிக்கிற விசையா மாறுது, மீதி பூரா உராய்வுக்கே போயிடுது, நட்டோட அடிப்பக்கத்துல பாதி, மரையில நாப்பது சதவீதம் மாதிரி. அந்த உராய்வு மாறிச்சுன்னா ரீடிங்கும் மாறிடும். காஞ்ச போல்ட்டையும் எண்ணெய் போட்ட போல்ட்டையும் மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணிட்டு மெஷின் மேல பழி போடக் கூடாது.

#5 நட்டுபோல்ட்டு

சார் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட், இது எனக்கு தோணவே இல்ல. நாளைக்கே திருப்பி செய்யறேன்.

#6 பழையமெக்கானிக்

முப்பது வருஷமா கை கருப்பாகி இருக்கிறவன் சொல்றேன், இவ்வளவு கணக்கே வேணாம். சத்தம் கேட்டாலே தெரியும். நல்ல மெஷின் நட்டுல உக்காந்து அடிக்கிறப்போ டக் டக் டக்னு ஒவ்வொரு அடியும் தனித்தனியா கனமா விழும். சோப்ளாங்கி மெஷின் டர்ர்ர்ர்னு இரையும், ஆனா ஒண்ணும் நடக்காது. பேட்டரி இறங்கினா சத்தம் தளர்ந்துடும், அதையும் காது சொல்லும். கையில ஆட்டம் எவ்வளவு வருதுங்கிறத வச்சும் சொல்லலாம்.

#7 அளவுகோல்

ஐயா, சத்தத்தை பத்தி நீங்க சொல்றத நான் மறுக்கல, அடி எண்ணிக்கை கூட இருந்தா நல்ல மெஷின்னு நினைக்கிறவங்க எல்லாரும் இதை படிக்கணும். நிமிஷத்துக்கு 3000 அடி, 4000 அடின்னு பாக்ஸ்ல போடறாங்க. ஒவ்வொரு அடியிலயும் எவ்வளவு பலம் இருக்குன்னு யாரும் போடறதில்ல.

ஆனா கையில வர்ற ஆட்டத்தை வச்சு சொல்றதுதான் ஏமாத்திடும். உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. மோட்டார் ஒரு சுத்தியலை சுத்துது, அதுக்கு எதிர்ல ஆன்வில், அதோட முனையிலதான் சாக்கெட் மாட்டுறோம். நட்டு இறுகினதும் ஆன்வில் நின்னுடும், சுத்தியல் மட்டும் வி மாதிரி வெட்டின காடியில குண்டு மேல உருண்டு பின்னாடி வந்து ஸ்பிரிங்கை அமுக்கும், ஆன்வில்ல காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறத தாண்டினதும் ஸ்பிரிங் தள்ளிவிடும், வேகமா சுத்தி வந்து அடுத்த காதுல மோதும். மோதல் ஒரு கண்ணிமைக்கிற நேரம்கூட கிடையாது, அதான் அந்த முறுக்கு நம்ம மணிக்கட்டுக்கு வர்றதில்ல. நம்ம கைக்கு வர்றது வெறும் நடுக்கம். பேரிங் லூசான மெஷினும், சதுரத்துல சாக்கெட் ஆடுற மெஷினும் கையை நல்லா உதறும், ஆனா நட்டுக்கு அந்த பலம் போய் சேராது.

இதுல இன்னொரு முக்கியமான விஷயம் ஒளிஞ்சிருக்கு. மெஷின் குடுக்கிறது டார்க் இல்ல, ஒவ்வொரு அடிக்கும் இவ்வளவுன்னு சக்தி. அது எவ்வளவு டார்க்கா மாறுதுங்கிறது எதிர்ல இருக்கிற போல்ட்டை பொறுத்தது. குட்டையா தடியா இரும்போட இரும்பா ஒட்டி நிக்கிற போல்ட்ல அதே அடி பெரிய டார்க் ஆகும். நீளமான போல்ட், நடுவுல ரப்பர் புஷ், மரக்கட்டை, மெல்லிசான தகடு, இதுல எல்லாம் அடி ஸ்பிரிங் மாதிரி உள்ள வாங்கிட்டு திரும்பி வந்துடும். 700ங்கிற எண்ணுக்கு மெஷினை மட்டும் வச்சு அர்த்தமே கிடையாது. எந்த போல்ட்ல, எத்தனை செகண்ட்ல, எந்த பேட்டரியில அளந்தாங்கன்னு சேத்து சொன்னாத்தான் அது அளவு.

#8 பழையமெக்கானிக்

சரிப்பா, புஷ் போல்ட் விஷயம் நான் கண்கூடா பாத்ததுதான். சஸ்பென்ஷன்ல ஆர்ம் போல்ட்ல மெஷின் அடிச்சுக்கிட்டே இருக்கும், ரப்பர் உள்ள போயிட்டு போயிட்டு வரும், நட்டு அப்படியே இருக்கும். அதே மெஷின் வீல்ல பொறி பறக்க கழட்டும். காரணம் இதுன்னு இப்பத்தான் புரியுது.

#9 செல்அக்கா

நான் பேட்டரி பேக் ரிப்பேர் பண்றவ. இங்க யாரும் பேட்டரிய இன்னும் தொடல, ஆனா பட்ஜெட் மெஷின்ல பாதி கதை அங்கதான் இருக்கு. நட்டுபோல்ட்டு தம்பி, முதல்ல உங்க ரெண்டு பேட்டரியையும் சமையல் தராசுல வச்சு எடை போட்டு சொல்லுங்க. லேபிள்ல என்ன வோல்ட் போட்டிருக்குன்னும் சொல்லுங்க.

#10 நட்டுபோல்ட்டு

அக்கா, ஒண்ணு 630 கிராம், இன்னொண்ணு 370 கிராம். ரெண்டும் வெளிய பாக்க ஒரே சைஸ்! லேபிள்ல 288ன்னு போட்டு பக்கத்துல V எழுத்து இருக்கு.

#11 செல்அக்கா

நினைச்சேன். பேக் உள்ள இருக்கிற 18650ங்கிற உருளை லித்தியம் செல் ஒண்ணு 45 கிராம் சொச்சம் இருக்கும். பத்து செல் போட்டா செல்லு மட்டுமே 450, மேல் கூடு, போர்டு, நிக்கல் பட்டை எல்லாம் சேத்து 600ஐ தாண்டும். 370 கிராம்ல பத்து செல் இருக்க முடியாது, அதுல அஞ்சுதான். போன வாரம் இதே மாதிரி ஒண்ணு என் டேபிளுக்கு வந்துச்சு, திறந்தா பத்து செல் உக்கார்ற கூண்டு, மேல் வரிசையில அஞ்சு செல், கீழ் வரிசை காலியா வட்டம் வட்டமா தெரியுது.

288ங்கிறது வோல்ட்டே இல்ல, அது மாடல் நம்பர் மாதிரி போட்டு வச்சது. ஃபுல் சார்ஜ்ல மல்டிமீட்டர் வைங்க, 20 சொச்சம்தான் காட்டும். ஒரு லித்தியம் செல் ஃபுல்லா 4.2 வோல்ட், அஞ்சு வரிசையா போட்டா 21. ஓடறப்போ சராசரி 3.6, அஞ்சுக்கு 18. அதனால 18 வோல்ட்னு போட்டாலும் 20ன்னு போட்டாலும் 21ன்னு போட்டாலும் உள்ள அதே அஞ்சு செல் வரிசைதான், இதுல 21 போட்டது பெருசு 18 போட்டது சிறுசுன்னு நினைச்சு வாங்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மோட்டார் அடிக்கிறப்போ 25 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கலாம். மட்டமான செல்லுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் 50 மில்லி ஓம் வரும். அஞ்சு செல் பேக்ல ஒவ்வொரு செல்லும் மொத்த 25ஐயும் தாங்கணும், ஒரு செல்லுக்கு 1.25 வோல்ட் இறங்கும், அஞ்சுக்கு 6.25. 20 வோல்ட்ல ஆரம்பிச்சா மோட்டாருக்கு போய் சேர்றது 14க்கு கீழ. பத்து செல் பேக்ல ரெண்டு வரிசை பங்கு போட்டுக்குது, இறக்கம் பாதியாகி 3 வோல்ட் சொச்சம். 20 மில்லி ஓம் இருக்கிற நல்ல செல்லா பத்து போட்டா 1.25 வோல்ட்தான் இறங்கும். மெஷின் அதே மெஷின், ஆனா ஒண்ணுல சுத்தியல் 14 வோல்ட்டோட வேகத்துல சுத்துது, இன்னொண்ணுல 19 வோல்ட் வேகத்துல. அடியோட சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அப்ப வித்தியாசம் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க.

அதனால எத்தனை ஆம்பியர் அவர்னு கேக்குறத விட எத்தனை செல், எந்த மாதிரி செல்லுன்னு கேளுங்க. ஆம்பியர் அவர் எவ்வளவு நேரம் ஓடும்னுதான் சொல்லும், எவ்வளவு பலமா அடிக்கும்னு சொல்லாது.

#12 சன்டேகராஜ்

அக்கா இதை யாருமே இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. நான் சின்ன பேட்டரிதான் லேசா இருக்குன்னு எப்பவும் மாட்டி வச்சிருந்தேன்!

#13 நட்டுபோல்ட்டு

ரெண்டு நாள் லீவுல உக்காந்து எல்லாத்தையும் திருப்பி செஞ்சேன். அளவுகோல் சார் சொன்ன முறை, எம்20 போல்ட், ஒவ்வொரு தடவையும் மரையையும் வாஷரையும் துடைச்சு புதுசா கிரீஸ், அஞ்சு செகண்ட் அடி, அஞ்சு தடவை சராசரி. நடுவுல மெஷினை ஆற விட்டேன்.

பெரிய பேட்டரி, சாக்கெட் நேரா மெஷின்ல: 230.
அதே பேட்டரி, 25 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு: 170.
சின்ன பேட்டரி, நேரா: 180.
சின்ன பேட்டரி பாதி சார்ஜ்ல: 150.
நண்பரோட பெரிய கம்பெனி மெஷின், அவர் பேட்டரியோட: 310.

முதல்ல எக்ஸ்டென்ஷன்தான் என்னை தூக்கி வாரிப் போட்டுச்சு. 60 புள்ளி வெறும் ஒரு கம்பியில போயிடுச்சு! அன்னிக்கு ஹப் நட்டுல நான் எக்ஸ்டென்ஷன் போட்டு, அதுவும் சின்ன பேட்டரிய வச்சு அடிச்சேன். அந்த ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு அளந்தேன், 130. கார் வீல் நட்டுக்கே அவ்வளவு தேவைப்படும், இதுல துருப்பிடிச்ச ஹப் நட்டு எங்க கழளும்.

இன்னொரு விஷயம், ஹப் நட்டுல ஓரத்தை உளியால உள்ள தட்டி பூட்டி வச்சிருப்பாங்கல்ல, அதை நான் சரியா நிமித்தவும் இல்ல. மெஷின் மேல மட்டும் தப்பு இல்ல.

#14 பழையமெக்கானிக்

எக்ஸ்டென்ஷன் மட்டும் இல்லப்பா, சாக்கெட்டும் கூடத்தான். சன்னமா நீளமா இருக்கிற டீப் சாக்கெட் முறுக்கை வாங்கிக்கும். யுனிவர்சல் ஜாயின்ட் போட்டா பாதி அடி அங்கேயே போயிடும். அரை இன்ச்ல இருந்து முக்கால் இன்ச்சுக்கு அடாப்டர் போட்டு அடிக்கிறவங்கள பாத்திருக்கேன், அந்த ரெண்டு இடத்துல இருக்கிற ஆட்டமே அடியை தின்னுடும். கனமா தடியா இருக்கிற சாக்கெட்டா பாத்து வாங்குங்க. கிராங்க் புல்லி போல்ட்டுக்குன்னே ரொம்ப வெயிட்டான சாக்கெட் வருது, அதோட கனமே அடிக்கு சேந்து வேலை செய்யுது, சாதா சாக்கெட்ல முரண்டு புடிச்ச போல்ட் அதுல கழண்டு வந்தத பாத்திருக்கேன்.

குரோம் பூசின பளபளப்பு சாக்கெட்டை இம்பாக்ட்ல மாட்டவே மாட்டாதீங்க தயவு செஞ்சு. அது கை ஸ்பேனருக்கு செஞ்சது, கெட்டியா இருக்கும் ஆனா அடி தாங்காம தெறிக்கும். எங்க பட்டறையில பையன் ஒருத்தனுக்கு புருவத்துக்கு மேல தெறிச்சு தையல் போட்டாங்க, ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். கருப்பு இம்பாக்ட் சாக்கெட், கண்ணாடி, காதுக்கு அடைப்பு. இது மூணும் இல்லாம ட்ரிக்கரை தொடக் கூடாது.

#15 அளவுகோல்

நட்டுபோல்ட்டு சார், அருமையான ரீடிங். 700ன்னு போட்டது ஏன் 230 ஆச்சுன்னு கேட்டீங்க, இப்ப பாதி தெரிஞ்சிருச்சு, மீதிய சொல்றேன்.

பேர் உள்ள கம்பெனிகளே ரெண்டு எண் போடறாங்க. உதாரணத்துக்கு மகிட்டா டிடிடபிள்யூ300 மாடல்ல இறுக்குற டார்க் 330, கழட்டுற டார்க் 580 நியூட்டன் மீட்டர். பெரிய டிடிடபிள்யூ1002ல 1000, 1600. மில்வாக்கி எம்18 பியூயல்ல 2767 மாடல் 1000, 1400, ஆனா அது ஃபுட் பவுண்ட்ல. ஒரு ஃபுட் பவுண்ட் 1.356 நியூட்டன் மீட்டர், மாத்தினா 1356, 1898 வரும். ரெண்டு எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. பட்ஜெட் பாக்ஸ்ல ஒரே ஒரு எண்தான் இருக்கும், அது இறுக்குறதா கழட்டுறதான்னு போட்டிருக்காது, சில நேரம் எந்த அலகுன்னுகூட போட்டிருக்காது. அதனால ஒரு பாக்ஸோட எண்ணை இன்னொரு பாக்ஸோட எண்ணோட ஒப்பிடுறதுல பிரயோஜனமே இல்ல.

மெஷினோட எடையும் ஒரு சாட்சி. அடி பலமா விழணும்னா சுத்தியல் கனமா இருக்கணும், அதைத் தாங்க ஆன்வில், கியர், முன்கூடு எல்லாம் தடியா இருக்கணும். நான் சொன்ன டிடிடபிள்யூ1002 பேட்டரியோட மூணரை கிலோ கிட்ட வரும். ஒன்றரை கிலோ மெஷின்ல 1000 போட்டிருந்தா, அந்த கனத்தை எங்க வச்சிருக்காங்கன்னு கேளுங்க.

#16 கிரீஸ்கை

கொஞ்சம் மாத்தி பேசறேன், கோவப்படாதீங்க. எல்லாரும் பட்ஜெட் மெஷினை போட்டு தாக்குற மாதிரி இருக்கு. வீட்ல ஒரு கார், ஒரு பைக் வச்சிருக்கிறவனுக்கு என்ன தேவை? எம்12 வீல் நட்டு பெரும்பாலும் 100ல இருந்து 120 வரைக்கும் இறுக்கத்துல இருக்கும், எம்14ஆ இருந்தா 140, 150ன்னு போகும். 230 அடிக்கிற மெஷின் அதுக்கு தாராளம். நான் மூணு வருஷமா ஒரு பட்ஜெட் மெஷின் வச்சிருக்கேன், நடுராத்திரி பஞ்சர் ஆனப்போ டிக்கில இருந்து எடுத்து அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டு கிளம்பினேன், கூட வயசான அம்மா இருந்தாங்க. அன்னிக்கு அது எனக்கு குடுத்த தெம்பை எந்த எண்ணாலயும் சொல்ல முடியாது.

#17 நட்டுபோல்ட்டு

கிரீஸ்கை, நான் உங்க பக்கம்தான். எனக்கு இந்த மெஷின் புடிச்சிருக்கு, திருப்பி குடுக்கப் போறதில்ல. 230ன்னு பாக்ஸ்ல நேர்மையா போட்டிருந்தா நான் சந்தோஷமா வாங்கியிருப்பேன், ஹப் நட்டுல வச்சு இருபது செகண்ட் அடிச்சு மோட்டாரை சூடாக்கியிருக்க மாட்டேன். எவ்வளவு முடியும்னு தெரிஞ்சு வச்சிருந்தா அதுக்கு மேல கேக்க மாட்டோம், மெஷினும் நீண்ட நாள் உழைக்கும்.

#18 பழையமெக்கானிக்

அதுக்குத்தான் நான் பசங்களுக்கு சொல்றது, அஞ்சு செகண்ட், மிஞ்சிப் போனா பத்து. அதுக்குள்ள அசையலேன்னா நிறுத்திடு. துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ராத்திரி பூரா ஊற விடு, இல்ல நட்டை சூடு பண்ணு. முதல்ல இறுக்குற பக்கம் ஒரு தட்டு தட்டி, அப்புறம் கழட்டுற பக்கம் அடி, துரு பிடி விட்டுடும். அதுக்கு முன்னாடி எதிர் மரையான்னு பாரு. பழைய வண்டி சிலதுல ஒரு பக்கத்து வீல் நட்டு தலைகீழா கழளும், அது தெரியாம இம்பாக்ட் வச்சு அடிச்சு ஸ்டட்டை (வீல் நட்டு ஏறுற போல்ட்) முறிச்சவங்கள நான் பாத்திருக்கேன்.

#19 சன்டேகராஜ்

ஐயா ஒரு சந்தேகம். அப்ப இறுக்கறதுக்கும் இதையே பயன்படுத்தலாமா? 230தானே வருது, வீல் நட்டுக்கு கொஞ்சம்தானே ஜாஸ்தி?

#20 அளவுகோல்

வேணாம் தம்பி. 230ங்கிறது எம்20 போல்ட்ல அஞ்சு செகண்ட்ல வந்தது. உங்க எம்12 ஸ்டட் அதை விட சிறுசு. கணக்கு சொல்றேன்: காஞ்ச மரையில டார்க்கை விட்டத்தாலயும் 0.2 ஆலயும் வகுத்தா போல்ட்டை இழுக்கிற விசை தோராயமா வரும். 100 நியூட்டன் மீட்டர்ல எம்12 ஸ்டட்ல 40 கிலோ நியூட்டன் சொச்சம், அதாவது நாலு டன்னுக்கு மேல பாரம் தொங்குற மாதிரி. 200 போட்டா எட்டு டன். ஸ்டட் இழுபட்டுடும், வெளிய பாத்தா தெரியாது, இன்னொரு நாள் முறியும். நாலு நட்டும் நாலு இறுக்கத்துல இருந்தா டிஸ்க் ஒரு பக்கமா வளைஞ்சு பிரேக் பிடிக்கிறப்போ பெடல் உதறும்.

மெஷின்ல நட்டை உக்கார வைக்கிற வரைக்கும் மட்டும், அதுவும் குறைஞ்ச ஸ்பீடுல. அப்புறம் நட்சத்திர வரிசையில, அதாவது எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி, டார்க் ரெஞ்ச். இதுல சமரசம் கிடையாது.

#21 செல்அக்கா

பேட்டரி பக்கம் ஒரு வேண்டுகோள். ரீடிங் போடறவங்க பேட்டரி எடையும், டெஸ்ட் ஆரம்பிக்கிறப்போ மல்டிமீட்டர்ல எவ்வளவு காட்டுச்சுன்னும் சேத்து போடுங்க. குளிர்ல வச்சிருந்த பேட்டரிய அப்படியே எடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க, குளிர்ல உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், மெஷின் பாவம் மட்டமா தெரியும். டெஸ்ட் முடிஞ்சதும் பேக்கை கைல தொட்டு பாருங்க. நாலஞ்சு தடவை அஞ்சு செகண்ட் அடிச்சதுக்கே கை வைக்க முடியாத சூடு இருந்தா செல் மட்டம். அந்த சூட்டோட சார்ஜர்ல போடாதீங்க, ஆறின பிறகுதான்.

சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போகாதீங்கன்னும் கெஞ்சி கேட்டுக்கறேன். பல பட்ஜெட் பேக்ல அஞ்சு செல்லையும் தனித்தனியா சமன் பண்ற போர்டு கிடையாது, ஒரு செல் மட்டும் மேல ஏறிட்டே போகும், யாரும் பாக்க மாட்டாங்க.

#22 கிரீஸ்கை

மூணு வருஷம் ஓட்டினதுல பாத்ததையும் சொல்லிடறேன், முதல் நாள் ரீடிங் மட்டும் போதாது. என் மெஷின்ல ஆன்வில் சதுரத்தோட நாலு மூலையும் இப்ப உருண்டையாயிடுச்சு, சாக்கெட் மாட்டினா லொட லொடன்னு ஆடுது, சாக்கெட்டை புடிக்கிற வளையமும் தேஞ்சு போச்சு, மெஷினை கீழ பாத்து புடிச்சா சாக்கெட் தானா விழுது. முன்கூடு ஸ்க்ரூ நாலும் ரெண்டு தடவை லூசாச்சு. ஒரு தடவை முன்பக்கத்த திறந்து பாத்தேன், சுத்தியல் பக்கத்துல கிரீஸ் காஞ்சு கருப்பு பொடியா கிடந்துச்சு. பழசை துடைச்சுட்டு மாலிப்டினம் கலந்த கிரீஸ் கொஞ்சமா வச்சதும் சத்தமே மாறிடுச்சு, பழையமெக்கானிக் ஐயா சொன்ன மாதிரி அந்த டக் டக் திரும்பி வந்துச்சு. கிரீஸை அப்பி வைக்கக் கூடாது, குண்டு உருள்ற காடியிலயும் ஸ்பிரிங் அடியிலயும் மட்டும் போதும்.

இன்னிக்கு உங்க முறையில அளந்தேன். 600 கிராம் பேட்டரி, 20.4 வோல்ட், எம்20, அஞ்சு தடவை. 205 வருது. புதுசுல எவ்வளவு இருந்துச்சுன்னு அளக்காம விட்டுட்டேனேன்னுதான் மனசு அடிச்சுக்குது.

#23 நட்டுபோல்ட்டு

மூணு வருஷம் ஆன மெஷினுக்கு 205 நல்ல ரீடிங்தான். ஆன்வில் மட்டும் தனியா கிடைச்சா மாத்திட்டு திரும்ப அளந்து போடுங்க, அந்த ஆட்டத்துல எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சிடும்.

நான் நேத்து அந்த பழைய வண்டியோட இன்னொரு பக்கத்து ஹப் நட்டை கழட்டினேன். ஓரத்தை சின்ன உளியால ஒழுங்கா நிமித்தி, ராத்திரியே எண்ணெய் அடிச்சு வச்சிருந்தேன். பெரிய பேட்டரி ஃபுல் சார்ஜ், தடியான சாக்கெட் நேரா மெஷின்ல. முதல் மூணு செகண்ட் ஒண்ணும் இல்ல. நாலாவது செகண்ட்ல மரை ஓரமா பழுப்பு தூள் கொஞ்சம் உதிர்ந்துச்சு, அப்புறம் சத்தம் மாறி நட்டு மெல்ல நகர ஆரம்பிச்சுது. ஆறு செகண்ட் வீடியோல. அதே மெஷின்தான்.

#24 புதுசாவந்தவன்

எல்லாருக்கும் வணக்கம், இந்த இழையை ரெண்டு தடவை முழுசா படிச்சுட்டு என் மெஷினை அளந்தேன். பாக்ஸ்ல 520. பேட்டரி 640 கிராம், 20.6 வோல்ட். என்கிட்ட எம்16 போல்ட்தான் இருந்துச்சு, 10.9, நட்டு 24, ரெண்டு தடி பிளேட்டு சேத்து. கிரீஸ் போட்டு அஞ்சு செகண்ட், அஞ்சு தடவை: 210, 220, 210, 200, 210.

#25 அளவுகோல்

ரீடிங் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வந்திருக்கு, அளந்த விதம் சரி. எம்16ங்கறதால எம்20 ரீடிங்கோட நேரா ஒப்பிடாதீங்க, தனியா குறிச்சு வைங்க. எக்ஸ்டென்ஷன் இல்லாமத்தானே?

#26 புதுசாவந்தவன்

இல்லாமத்தான் சார், சாக்கெட் நேரா மெஷின்ல. எம்20 போல்ட் ஒண்ணு வாங்கி வச்சுட்டேன், இந்த வாரக் கடைசில அதுலயும் அளந்து போடறேன்.